சூடு இறங்குவதற்கு மூன்று நாள் முன்பு

அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பார். இரண்டு வாய் சாப்பிடுவார், கொடியில் காயும் துணியைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பி வந்து குழம்பு ஊற்றிக்கொள்வார், மறுபடி போய் அதே துணியைத் தொடுவார். செம்மேட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் நடு அறையின் சிவப்புத் தரை ஒரு கோடாகத் தேய்ந்துபோனதற்கு அவர்தான் காரணம் என்று வீட்டுக்காரம்மா சொல்வதுண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனுசி இத்தனை நடந்தும் எங்கேயும் போய்ச் சேராமல் திரும்பி வருகிறாளே என்பதுதான் அந்தம்மாவுக்கு ஆச்சரியம்.

நான் கரூர்ப் பக்கத்திலிருந்து அரசு வேலையில் மலைக்கு மாற்றலாகி வந்தவள். தோட்டம் தோட்டமாகப் போய் விவசாயிகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலை. அவர் சேந்தமங்கலத்தை அடுத்த ஒரு ஊரில் காடு தோட்டம் வைத்திருந்த குடும்பம். கீழே ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர், நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்கென்று பாதி விடுப்பு வாங்கிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் மலையேறினார். கணவர் வடக்கே லாரி ஓட்டினார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் கீழே அம்மாயி வீட்டில், பாட்டியின் பராமரிப்பில் இருந்தாள்.

அவரை நான் முதலில் பார்த்தது மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில், ஒரு காப்பித் தோட்டத்தில். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காப்பிப் பழத் தோலும் சாணமும் வைக்கோலும் போட்டு இடுப்புயரத்துக்குக் குவித்த எரு. அதற்குள் வலது கையைத் தோள்வரை விட்டு, கன்னம் குப்பையில் பட, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். வாய் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. தோட்டக்காரப் பெரியவர் பக்கத்தில் கவலையோடு நின்றார். மோதிரம் எதுவும் விழுந்துவிட்டதோ என்று அவருக்கு. இருபத்தேழு வரை எண்ணி அந்தப் பெண் கையை உருவியபோது அது சிவந்து ஆவி விட்டது. நான் யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க ஒருக்கா உட்டுப் பாருங்க" என்றார்.

நான் ஒன்பதுக்கு மேல் தாங்கவில்லை. அவருக்கு ஏனோ அதில் அப்படியொரு சந்தோஷம். நாம் கையை வைத்திருக்க முடியாத அந்தச் சூட்டுக்குள் ஒரு பூஞ்சை சுகமாகக் குடித்தனம் நடத்துகிறது என்றும், அதன் உடம்பில் இருக்கும் கொழுப்பைத்தான் தான் படிப்பதாகவும் சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கொழுப்பு என்ன கொழுப்பு என்று எனக்குப் புரிந்தது மார்கழியில்தான். ஒரு காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துபோக, நான் அதை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நடந்துகொண்டே வந்து பக்கத்திலிருந்த நல்லெண்ணெய் பாட்டிலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அது உறையவில்லை. எல்லா உயிரணுவுக்கும் மேல்தோல் கொழுப்பால் ஆனதாம். கெட்டிக் கொழுப்பு, இளகிய கொழுப்பு என்று இரண்டு தினுசும் அதில் கலந்திருக்கும். வெயிலில் இளகிய கொழுப்பு ஓடிவிடும், குளிரில் கெட்டிக் கொழுப்பு விறைத்துவிடும். எனவே சூட்டில் வாழ்கிற பூஞ்சை தன் தோலில் தேங்காயெண்ணெய் மாதிரிக் கெட்டியானதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. சூடு இறங்கினால் நல்லெண்ணெய் மாதிரி இளகியதுக்கு மாற்றிக்கொள்கிறது. எந்தச் சூட்டில் எவ்வளவு மாற்றுகிறது, எத்தனை நாளில் மாற்றுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலுக்கு மூன்று முறை போய் வந்துவிட்டார்.

கீழே கொண்டுபோகும் மாதிரிகளைச் சப்பாத்தி வைக்கும் ஹாட் பாக்ஸில் போட்டுத் துண்டால் சுற்றியிருப்பார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் பெட்டியை வைத்து, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டு நிற்பார். அடிவாரத்துக்குள் பாதிப் பேர் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்திருப்பார்கள். இவர் மூடியைத் தொட்டுப் பார்த்து, போன வாரத்தைவிட இன்றைக்கு என்ஜின் சூடு கம்மியாக இருக்கிறதே, வண்டியை மாற்றிவிட்டார்களா என்று டிரைவரை விசாரித்துக்கொண்டிருப்பார்.

எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு விட அவரால் முடியாது. "இன்னொருக்கா பாத்துரலாமுங்க" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வரும். அடுப்பை அணைத்தேனா என்று அரை மைல் நடந்தபின் திரும்புவார். எருவுக்குள் ஒரு தெர்மாமீட்டர் ஐம்பத்திரண்டு காட்டினால் இரண்டாவதைச் செருகுவார். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகப்பட்டு மூன்றாவதைத் தேடுவார். அவரோடு தோட்டத்துக்குப் போன நாட்களில் எனக்குத் தலை வலிக்கும். ஆனால் ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது அந்தக் கைதான். அதிலிருந்துதான் நான் அவரை மேடம் என்பதை விட்டு அக்கா என்றேன். அவரும் என்னைக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்து வந்த ஐப்பசியில் அவர் பன்னிரண்டு சின்ன வலைப்பைகளைத் தைத்தார். ஒவ்வொன்றிலும் வளர்ந்த பூஞ்சையை வைத்து, நூல் கட்டி, எருவின் நடுவே ஒரே ஆழத்தில் புதைத்தார். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பையை இழுத்து, மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம் நிறைந்த பாட்டிலில் போட வேண்டும். போட்ட நிமிடத்தில் பூஞ்சை எப்படி இருந்ததோ அப்படியே நின்றுபோகும். எருவின் சூட்டையும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் கல்லூரியில் தேர்வு மேற்பார்வைக்கு அவர் கீழே இருந்தாக வேண்டும். நீல அட்டை நோட்டை என்னிடம் கொடுத்தார். நான் எப்படியும் தினம் அந்தப் பக்கம் வேலையாகப் போகிறவள்.

ஆறு நாள் ஒழுங்காகப் போனேன். ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மரம் விழுந்து வண்டி போகவில்லை. அன்றைக்கு உண்மையாகவே போக முடியாது. எட்டாம் நாள் மரத்தை எடுத்துவிட்டார்கள், மழை தூறலாகிவிட்டது, போயிருக்கலாம். கம்பளியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒன்பதாம் நாள் சேந்தமங்கலத்தில் ஒரு கூட்டம். மத்தியானமே முடிந்துவிட்டது, ஆனாலும் கடைத்தெருவில் சுற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்தேன்.

பத்தாம் நாள் போனபோது தார்ப்பாய் ஒருபக்கம் விலகி மழைநீர் எருவுக்குள் இறங்கியிருந்தது. தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று நான்கு பைகளையும் ஒன்றாக இழுத்து, அந்தந்த எண் ஒட்டிய பாட்டிலில் போட்டேன். நோட்டில் மூன்று கட்டம் காலியாக இருந்தது. அதற்கு முந்தைய ஆறு நாளும் ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று என்றுதான் இருந்தது. நானும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று என்று எழுதினேன். மூன்று நாளைக்கும் பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன். பத்தாம் நாளுக்கு நேரே முப்பத்தொன்று, மழைநீர் இறங்கியது என்று உண்மையை எழுதினேன். பெரியவர் கொட்டகையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டில்களை அவர் கீழே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் அலுவலகத்துக்கு வந்தார். கண்கள் ரெண்டும் தூக்கமில்லாமல் பளபளத்தன.

"கண்ணு, சூடு எறங்குனது பத்தாம் நாளு. அது கொழுப்ப மாத்துனது ஏழாம் நாளு. மூணு நாளு முன்னாடியே மாத்திருக்குது. மழத்தண்ணி உள்ள வாரது அதுக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் ஆள் இருந்தார். சாயங்காலம் வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் நடு அறையில் நடந்துகொண்டே, காற்றில் ஈரம் ஏறுவதை அது உணர்கிறதா, மேலே இருக்கும் பூஞ்சை கீழே இருப்பதற்கு ஏதாவது தகவல் அனுப்புகிறதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த 'நாளைக்கு' வர ஒரு வருடம் ஆனது.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மூன்று அளவுகளையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆய்வேட்டை முடிக்கச் சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. அளந்தது அளந்ததுதான், நோட்டில் இருப்பதை நான் எப்படி அழிப்பது என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். கொழுப்பை இரண்டாம் முறை பிரித்துப் பார்த்தார். வேறு ஊரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி மூன்றாம் முறையும் பார்த்தார். மூன்று தெர்மாமீட்டரையும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை பார்த்தவர் என்னை மட்டும் ஒரு தடவைதான் பார்த்திருந்தார்.

பெரியவரிடமும் போய் விசாரித்தார். நானும் கூட இருந்தேன். அந்த நாட்களில் எருவில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டார். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மாட்டைப் பார்த்தார். "மழ பேஞ்சுதுங்க. இவிங்கதான் வந்து பாத்தாங்களே" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த வருட மழைக்கு அவர் ஆவணியிலேயே தயாராகிவிட்டார். என்னை நம்பாமல் அல்ல, எனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் இந்தத் தடவை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். மீதியிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டார். ஒன்றுக்கு மூன்று எருக்குவியல், ஒவ்வொன்றிலும் இருபது பை. குடையும் தெர்மாமீட்டருமாகக் குவியலுக்குக் குவியல் ஓடினார். மழை பெய்தது, எரு நனைந்தது, சூடு இறங்கியது. பூஞ்சையோ சூடு இறங்கி ஒரு நாளாவது போன பிறகுதான் கொழுப்பை மாற்றியது. ஒருமுறைகூட முன்னதாக மாற்றவில்லை. அவர் இளைத்துவிட்டார். போன வருடம் காப்பித் தோல் எந்த மரத்தினுடையது, தார்ப்பாய் என்ன நிறம், காற்று எந்தத் திசை என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். அந்தப் பதில்களெல்லாம் உண்மை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த ஒரு வருடம் கூடவே இருப்பதாக அவர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். கார்த்திகை முடியும்போது ஒரு நாள் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். முன்பு ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசியிருக்கிறாள்.

"ஆன்ட்டி, அம்மாவக் கீழ அனுப்பி வெக்கிறீங்களா? நா கூப்பிட்டா இந்த மழ முடியட்டும்ங்கறாங்க. எனக்கு பிசிக்ஸ்ல பாஸ் மார்க்கே வல்லீங்க. நா சொன்னேன்னு சொல்லிராதீங்க."

மறுநாள் நானும் அவரோடு குண்டூர் நாட்டுக்குப் போனேன். மூன்று குவியலையும் பார்த்து முடித்து, பஸ் நிற்கும் ரோட்டுக்கு மேடேறினோம். அவர் வழக்கம்போல் பத்தடி முன்னால் போனார். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, போன வருசம் ஏழு, எட்டு, ஒம்பது மூணு நாளும் நான் போகலீங்க. பத்தாம் நாளுதான் நாலு பையையும் எடுத்தேன். அந்தச் சூடு நானா எழுதுனது."

இரண்டு எட்டு நடந்துவிட்டுத்தான் நின்றார். திரும்பவில்லை.

"பத்தாம் நாளு முப்பத்தொண்ணு?"

"அது அளந்ததுங்க."

"எத்தன தடவ?"

"ஒரு தடவைங்க."

ரோட்டோரப் பாலக்கட்டையின் மேல் பையை வைத்து நீல நோட்டை வெளியே எடுத்தார். அந்தப் பக்கத்தைப் புரட்டி, நான் பேனா மாற்றி எழுதிய மூன்று எண்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். எனக்கு அவர் கத்தினால் தேவலாம் போலிருந்தது. நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்ப மழ வாரது அதுக்குத் தெரியலீங்க."

ஏதோ செத்துப்போன மாதிரித்தான் அதைச் சொன்னார். நான் அழுதேன். அவர் என் பக்கம் திரும்பி, என்னை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார். "ஒரு வருசமுங்க" என்றார்.

பிறகு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். அது அவருக்குத் தெரிந்தது. உங்கள் ஆபீசுக்கு இல்லை, என் ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு என்றார். நான் பாலக்கட்டையில் வைத்து எழுதினேன். ஒரு பஸ் வந்து நின்று போனது. நான் எழுதியதைப் படித்தார். போக முடியாத நாளையும் போகாமல் இருந்த நாட்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன், தனித்தனியாக எழுத வேண்டும் என்றார். இரண்டாவது தாளில் கம்பளியையும் கடைத்தெருவையும் எழுதினேன். அடுத்த பஸ் வந்தது. அன்று மாலையே சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே மகளிடம் போய்விட்டார்.

அந்தப் பெண் தேறிவிட்டாள். ஆனால் அவள் நினைத்த படிப்பு கிடைக்கவில்லை என்று வீட்டுக்காரம்மா மூலமாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் என் பேனாவுக்கும் எவ்வளவு தூரம் என்று இன்னும் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த வருடம் அவருக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் பிரதி ஒன்று எனக்குத் தபாலில் வந்தது. தடித்த ஆங்கிலப் புத்தகம், எனக்குப் பாதி புரியவில்லை. அந்தப் பன்னிரண்டு நாள் அட்டவணையை மட்டும் தேடிக் கண்டுபிடித்தேன். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு நேரே கட்டங்கள் காலியாக இருந்தன. எடுக்கப்படவில்லை, அளக்கப்படவில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பத்தாம் நாளுக்கு நேரே நான்கு பைகள், முப்பத்தொன்று, நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு இளகிய கொழுப்பு. அந்த மூன்று வரிகளை விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அட்டவணையும் பார்க்க அழகாக இருந்திருக்கும். அவர் விடவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் பெரியவர் பெயர் இருந்தது, பஸ் டிரைவர் பெயர் இருந்தது. கடைசியில் என் பெயர், பதிவைத் திருத்தித் தந்ததற்காக. அது நன்றியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. போன் செய்து கேட்கவும் தைரியம் வரவில்லை.

போன புரட்டாசியில் அவரே கூப்பிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். நலம் விசாரித்தார், நானும் விசாரித்தேன். கண்ணு என்று சொல்லவில்லை. வேறொரு பூஞ்சைக்காக மறுபடி மேலே வர யோசிப்பதாகச் சொன்னார். போனுக்குள் அவருடைய காலடி கேட்டது, அங்கேயும் நடந்துகொண்டுதான் பேசினார்.

"இப்ப அங்க மழைங்களா?"

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரு நிமிசம் இருங்கக்கா" என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனேன். கையை நீட்டினேன். மழை எப்போதோ விட்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களிலிருந்துதான் தண்ணீர் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மரத்தை விட்டு ரோடுவரை நடந்துபோய் அங்கேயும் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து போனை எடுத்துச் சொன்னேன்.

"இல்லீங்கக்கா. விட்டிருச்சு."